எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் எடுக்கும்போது

மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஒரு டன்னை ஒட்டிய கார் வைத்திருந்தால், எடுத்த எடுப்பிலேயே அகல டயருக்குப் போகாதீர்கள். இப்போதைய தலைமுறைக்கு கம்பெனியே கொடுப்பது 195/50 ஆர்16 அல்லது 205/45 ஆர்17தான் (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்), அதுவே போதும். அகலம் கூடினால் எடையும் கூடும், ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருகிற உணர்வு மங்கும். அந்தக் காரை வாங்கியதே அந்த உணர்வுக்காகத்தானே!

அப்புறம், டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் எண்ணை, அதாவது டயர் எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். குறைந்த எண் என்றால் பொதுவாகப் பிடி அதிகம், ஆயுள் குறைவு. தினமும் ஓட்டி, மழையிலும் ஓட்டி, வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் ரேஸ் டிராக்குக்குப் போகிறவர் என்றால் 300ஐ ஒட்டிய மிஷலின் பைலட் ஸ்போர்ட் வகையே சரி. அடிக்கடி போகிறவர் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏடி09 மாதிரி 200 எண் டயர்களைப் பார்க்கலாம், ஆனால் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். வரிப்பள்ளமே இல்லாத முழு ரேஸ் ஸ்லிக் டயர் வேண்டாம். சாலைக்கு அது சட்டப்படி ஆகாது, இவ்வளவு லேசான கார் அதைச் சூடேற்றவும் திணறும், சூடேறாத ஸ்லிக் வழுக்கும்.

காற்றழுத்தம் ரொம்ப முக்கியம். கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவில், டயர் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். சில சுற்றுகளிலேயே அழுத்தம் ஏறிவிடும், பிட்டுக்கு (டிராக்கோரம் கார் நிறுத்தும் இடத்துக்கு) வந்ததும் அளந்து கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப நிரப்ப மறக்காதீர்கள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 2324 என்றிருந்தால் 2024ன் 23வது வாரத்தில் செய்தது.