சவர்க்காரம் படாத போத்தல்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில், செம்பனைக் குலையை வெட்டுகிறவர் காம்பில் தன் நம்பரை எழுதி வைப்பார். கிராணி அதைப் பார்த்துக் கணக்கு எழுதுவார். கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் நான் செய்கிற வேலையை அப்பாவுக்கு இப்படித்தான் விளக்கினேன். ரத்த செல்லில் உள்ள ஒவ்வொரு புரதத்தையும் பிடிக்க ஓர் ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் மூலக்கூறு), அதன் வாலில் நம்பராக ஓர் உலோகம்: நியோடிமியம், சமாரியம் மாதிரி உடம்பில் இல்லையென்றே சொல்லக்கூடியவை. கருவிக்குள் கொதிக்கும் ஆர்கான் வாயுவில், அதாவது பிளாஸ்மாவில், செல்லே எரிந்துபோனாலும் உலோகம் மிஞ்சும். அதன் நிறையைக் கருவி படிக்கும். ஒரே செல்லில் 40 நம்பருக்கு மேலும் பார்க்கலாம். சைட்டாஃப் என்பது இதுதான்.

30 லட்சம் செல்லோடு தொடங்குங்கள். முதலில் பிளாட்டினம் உள்ள சிஸ்பிளாட்டின், சில நிமிடம் போதும். செத்த செல்லில்தான் அது அதிகம் ஏறும், அந்தச் செல்களைப் பிறகு கணக்கிலிருந்து தள்ளிவிடலாம். அப்புறம் ஆன்டிபாடிக் கலவை அரை மணி நேரம், இரண்டு கழுவல், செல் கெடாமல் நிலைக்க 1.6 சதவீத ஃபார்மால்டிஹைட். கடைசியில் இரிடியம் போட்டுக் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு. அது டி.என்.ஏ.வில் போய் உட்காரும். இரிடியம் தெரியாத துகளைச் செல் என்று எண்ணாதீர்கள்.

நான் அடிபட்டது போத்தலில். சேர்ந்த புதிதில், கரைசல் போத்தலைப் பளபளவென்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வைத்தேன். மறுநாள் கருவியின் வரைபடத்தில் நிறை 138-இல் மலை மாதிரி ஒரு சிகரம். பேரியம்! சவர்க்காரத்திலிருந்து வந்தது. ஆக்சிஜனோடு சேர்ந்து 154-இலும் தலைகாட்டி, அங்கே இருந்த சமாரியத்தைக் கெடுத்தது. மூன்று நாள் வேலை போச்சு. இப்போது எல்லாமே புதுப் பிளாஸ்டிக் போத்தலில்தான். "கழுவாத போத்தலா?" என்று அம்மா இன்னும் முகம் சுளிக்கிறார்.

கருவியில் விடுமுன் உப்பு போகக் கழுவுங்கள். பழைய கருவி என்றால் தூய நீர், புதியதற்குத் தனிக் கரைசல் உண்டு. 35 மைக்ரான் வலையில் வடிகட்டுவதையும் விடாதீர்கள். பாட்டி ரப்பர் பாலை வடிகட்டியது கட்டி சேராமல் இருக்க, இங்கே தெளிப்பான் அடைக்காமல் இருக்க. கருவியின் அளவீட்டைச் சரிபார்க்க உலோகம் ஏற்றிய அளவுகோல் மணிகளைக் கலந்து, நொடிக்கு 300 முதல் 500 செல் என்று நிதானமாக ஓட்டுங்கள். அவசரப்பட்டால் இரண்டு செல் ஒன்றாகப் பதிவாகும்.

உள்ளே போன செல் சாம்பல்தான், திரும்பாது. அதனால் உலோகம் சேர்க்கும் முன்பே கொஞ்சம் செல்லை எடுத்து உறையவைத்துவிடுங்கள்.