அறிவுசார் குறைபாடு உள்ளவரைச் செடி நர்சரி வேலையில் அமர்த்துவது எப்படி?

நம் ஊரில் 'கற்றல் குறைபாடு' என்றால் பெரும்பாலும் டிஸ்லெக்சியாவைத்தான், அதாவது எழுத்துகளை வாசிக்கத் தடுமாறுவதைத்தான் நினைக்கிறோம். நான் எழுதுவது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி. புதிதாக ஒன்றைப் பழக இவர்களுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும், சிலருக்கு எண்ண வராது, சிலருக்குப் பேச்சு குறைவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் தனித்தனி.

வழக்கமாக என்ன நடக்கிறது? சிறப்புப் பள்ளி முடிகிறது, பிள்ளையை ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் சேர்க்கிறோம், பத்து வருஷம் கழித்தும் அவர் அங்கேயே 'பயிற்சி'யில் இருக்கிறார். வேலைக்குத் தயாரான பிறகு வேலை என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. அதனால் முதலில் வேலை, அப்புறம் அந்த இடத்திலேயே பயிற்சி என்று வரிசையை மாற்றிப் போடுங்கள். 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்ததுதான் அவர் செய்தது. நர்சரிக்கும் அதே வழிதான்.

சேர்ப்பதற்கு முன் மூன்று நாள் காலையில் அவரை நர்சரிக்கு அழைத்துப்போய் சும்மா இருக்கவிடுங்கள். ஈர மண் கையில் ஒட்டுவது சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது, சிலருக்கு மோட்டார் சத்தம் ஆகாது, சிலர் பூவாளியைப் பார்த்ததும் விடமாட்டார்கள். தோட்ட வேலை எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது, அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொடங்குவதற்கு நல்ல வேலை பை நிரப்புவது. செம்மண், மணல், தொழு உரம் கலந்து பாலித்தீன் பையில் நிரப்பும் வேலைதானே என்று தோன்றும், ஆனால் உடைத்துப் பார்த்தால் பையை எடுப்பது, வாயைப் பிரிப்பது, விளிம்பை மடிப்பது, மண்ணை அள்ளிப் போடுவது, தரையில் இரண்டு தட்டு தட்டுவது, மேலே தண்ணீர் நிற்க ஒரு விரல் அளவு இடம் விடுவது, கிரேட்டில் வைப்பது என்று ஏழு படி இருக்கிறது. கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். முதல் நாள் ஆறு படியை நீங்கள் செய்துவிட்டு, கிரேட்டில் வைப்பதை மட்டும் அவரிடம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலை அவர் கையில்தான் முடிகிறது, அதில் வரும் மகிழ்ச்சி வேறு. பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் சேருங்கள்.

நான் கூட இருந்து பழக்கிய தம்பி ஒருவருக்குப் பையின் வாயைப் பிரிக்க வரவில்லை. புதுப் பை ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்துப் பிரிக்க வேண்டும், அவர் விரலில் அந்தப் பிடிமானம் இல்லை. மூன்று நாள் போராடினோம். நான்காம் நாள் நான் ஒரு பையை உதட்டருகே கொண்டுபோய் ஊதிக் காட்டினேன், வாய் பிரிந்தது. அவரும் ஊதினார். அதன் பிறகு பை பிரிப்பது ஒரு பிரச்சினையாகவே இல்லை. ஒரு படி வரவில்லை என்றால் அதைச் செய்யும் விதத்தை மாற்றிப் பாருங்கள்.

எண்ணத் தெரியாது என்று தயங்க வேண்டாம். 20 பை பிடிக்கும் கிரேட்டைக் கொடுத்தால் கிரேட் நிறைந்ததும் 20 ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றுவதற்கு 'போதுமான அளவு' என்று சொன்னால் புரியாது, 'பைக்குக் கீழே கசியும்வரை' என்றால் கண்ணால் பார்க்கலாம். களை எடுப்பதுதான் உண்மையில் கடினம், ஏனென்றால் நாற்றும் களையும் சின்னதில் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நூல் பிடித்து வரிசையாக விதையுங்கள், வரிசைக்கு வெளியே முளைத்ததையெல்லாம் பிடுங்கலாம் என்பது ஒரே விதி.

கூட இருந்து பழக்குபவர் கவனிக்க வேண்டியது தன் வாயைத்தான். நான் தொடக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் "அடுத்து, அடுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், கடைசியில் தெரிந்த வேலைக்கும் அவர் என் குரலுக்காகக் காத்து நின்றார். பேச்சைக் குறைத்து விரலால் காட்டுங்கள், அப்புறம் அதையும் விட்டுவிட்டுப் பக்கவாட்டில் நில்லுங்கள், அப்புறம் நாலடி தள்ளி. நீங்கள் விலக விலக, கூட வேலை செய்யும் அக்காவோ அண்ணனோ அந்த இடத்துக்கு வரவேண்டும். டீ நேரத்தில் அவரையும் சேர்த்து உட்காரவைக்கச் சொல்லுங்கள், நட்பு அங்கேதான் தொடங்குகிறது.

பூச்சிமருந்து அடிக்கும் வேலையை அவருக்குக் கொடுக்க வேண்டாம், அடிக்கும் நேரத்தில் பக்கத்திலும் வேண்டாம். வலிப்பு உள்ளவராக இருந்தால் கிணறு, தொட்டிப் பக்கம் தனியாக விடாதீர்கள், மாத்திரை நேரத்தை நர்சரிக்காரரிடம் சொல்லி வையுங்கள். தாகம் எடுத்தாலும் கேட்காத பிள்ளைகள் உண்டு, மணிக்கொரு முறை தண்ணீர் கொடுப்பதை வழக்கமாக்குங்கள்.

சம்பளத்தைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். "வீட்டில் சும்மா இருப்பதற்கு இங்கே வரட்டும், செலவுக்கு ஏதாவது தருகிறேன்" என்று ஒரு முதலாளி என்னிடம் சொன்னார், அங்கே நான் யாரையும் சேர்க்கவில்லை. மற்றவர்களுக்குத் தரும் அதே கூலி, நேரம் குறைவென்றால் அந்த நேரத்துக்கான கூலி. அது அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும். 18 வயது தாண்டியவர் என்பதால் வங்கி பாதுகாவலர் சான்று கேட்கலாம், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி அதை வழங்க மாவட்ட அளவில் குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டை இல்லையென்றால் அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். பராமரிப்பு உதவித்தொகை வாங்குபவர் என்றால், சம்பளம் வந்தால் அது என்ன ஆகும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பல பெற்றோர் இந்தப் பயத்தில்தான் வேலைக்கே அனுப்புவதில்லை.

இரண்டு மாதம் ஆனதும் நீங்கள் தினமும் போக வேண்டியிருக்காது, வாரம் ஒருமுறை போதும். ஆனால் ஐப்பசி மழை தொடங்கி, வெளியில் நடந்த பை நிரப்பும் வேலை கொட்டகைக்குள் மாறும்போது மறுபடி நாலு நாள் கூட நில்லுங்கள். மண் குவியல் இடம் மாறியிருக்கும், கிரேட் அடுக்கும் இடம் மாறியிருக்கும், அவர் காலையில் வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டிருப்பார்.