பிளாக் சுவரும் கான்கிரீட் சுவரும்: நியூட்டன் கணக்கில் ஏமாறாதீர்கள்

போன வாரம் ஒரு சைட்டில் இளம் சூப்பர்வைசர் ஒருவர் வீட்டுக்காரரிடம் கதை அளந்துகொண்டிருந்தார். "சார், இது 5 நியூட்டன் பிளாக் கல். கான்கிரீட் எம்20, அதாவது 20 நியூட்டன். அப்போ நாலு மடங்கு பலம்." நானும் ஒரு காலத்தில் இதே வசனத்தைப் பேசியவன்தான்.

கலவை விகிதம், தண்ணீர் விடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் தெரியும், செய்வதுதான் கிடையாது. கீழே இருப்பவை பலரும் செய்யும் வேறு தவறுகள்.

நியூட்டனை வைத்து ஒப்பிடுவது

மேலிருந்து நசுக்கினால் ஒரு சதுர மில்லிமீட்டர் எத்தனை நியூட்டன் தாங்கும் என்பதுதான் அந்த எண். இரண்டு மாடி வீட்டுச் சுவரில் இறங்கும் பாரம் பெரும்பாலும் சதுர மில்லிமீட்டருக்கு அரை நியூட்டனைத் தாண்டாது. அதற்கு நல்ல பிளாக் தாராளம். பக்கவாட்டில் தள்ளும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

மண்ணைத் தாங்கும் வேலையை பிளாக்கிடம் கொடுப்பது

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை. பழைய வயல். ரோடு மட்டத்துக்குக் கொண்டுவர ஐந்தடி கிராவல் மண் அடித்தோம். சுற்றுச்சுவர்தானே என்று 8 இன்ச் சாலிட் பிளாக்கில் கட்டினேன். "கம்பி கட்டி ஊற்றும் ஆர்.சி.சி. வேண்டாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "சாலிட் பிளாக் சார், மலை மாதிரி நிற்கும்" என்று தைரியம் சொன்னதும் நான்தான்.

2015 நவம்பர் மழையில் சுவர் நடுவில் தொப்பை போட்டது. டிசம்பர் முதல் வாரம் முப்பதடி நீளத்துக்குப் பக்கத்து மனையில் படுத்துவிட்டது. அள்ளும்போது பார்த்தால் ஒரு கல்கூட நொறுங்கவில்லை. எல்லாம் கலவை ஒட்டிய இடத்தில் வரி வரியாக விட்டிருந்தது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஐந்தடி காய்ந்த மண், ஒரு மீட்டர் நீளச் சுவரை சுமார் 700 கிலோ விசையோடு தள்ளுகிறது. அடி வரியில் கலவையைப் பிரிக்கும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 0.5 நியூட்டன் வருகிறது. நல்ல சிமெண்ட் கலவைக்கே, கட்டுச் சுவர்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1905 அனுமதிப்பது 0.07 தான். ஏழு மடங்கு! மண்ணில் தண்ணீர் நிறைந்தால் அந்த அழுத்தமே இரண்டு மடங்குக்கு மேல் போகும். மண்ணின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்காகும்.

ஆர்.சி.சி. சுவர் நிற்பது அதன் 20 நியூட்டனால் என்று நினைக்க வேண்டாம். இழுத்தால் கான்கிரீட்டும் விரிசல் விடும். கம்பியும், சுவரோடு ஒன்றாகச் சேர்ந்த அடித்தளமும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. அந்த அடித்தளத்தின் மேல் உட்காரும் மண்ணே சுவரைப் பிடித்துக்கொள்ளும். முக்கியக் கம்பி மண் பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்துக் கட்டிய சுவரையும் பார்த்திருக்கிறேன், தலையில் அடித்துக்கொண்டேன்.

வீப் ஹோல் விடாதது

மண்ணில் சேரும் தண்ணீர் வெளியேறச் சுவரில் ஓட்டை வையுங்கள், அதுதான் வீப் ஹோல். அதன் பின்னால் ஜல்லியும் போடுங்கள்.

ஹாலோ பிளாக் குழியில் கம்பியைச் செருகுவது

குழிக்குள் கம்பி, கான்கிரீட் எல்லாம் முறையாகப் போட்டால் பிளாக் சுவரும் வளைவைத் தாங்கும். ஆனால் பலர் கட்டி முடித்தபின் மேலிருந்து ஒரு கம்பியைச் சொருகிவிட்டு, மிச்சக் கலவையைக் கொட்டுகிறார்கள். கம்பி அஸ்திவாரத்திலிருந்தே கிளம்ப வேண்டும். குழிக்குச் சின்னதான சிப்ஸ் ஜல்லி போட்ட இளகலான கான்கிரீட்தான் சரி, முக்கால் இன்ச் ஜல்லி பாதியிலேயே சிக்கிக்கொள்ளும்.

வைப்ரேட்டர் இல்லாமல் சுவர் ஊற்றுவது

வைப்ரேட்டரால் அதிரவைத்து இறுக்காத கான்கிரீட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். அதைப் பூசி மறைப்பதற்கு முன்னால், சென்ட்ரிங் பலகை பிரிக்கிற அன்றைக்கே போய் நின்று பாருங்கள்.