ரேஷன் கணக்கு எங்கே தப்பாகிறது?

ரேஷன் கடையில் தப்பு என்றாலே எல்லோர் கண்ணும் தராசுக்குத்தான் போகும். எடை குறைவு நிஜமான புகார்தான், மறுக்கவில்லை. ஆனால் அரிசி தராசில் ஏறும் முன்பே, கார்டில் உள்ள விவரம் பழசாகிப் போனதால் வரும் குளறுபடிகளை யாரும் கண்டுகொள்வதில்லை.

கல்யாணமாகிப் போன மகளின் பெயரைப் பிறந்த வீட்டு கார்டிலேயே விட்டுவைப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். ஒருவரின் ஆதார் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். அதனால் மாமியார் வீட்டு கார்டில் சேர்க்கப் போனால் விண்ணப்பம் திரும்பி வரும்; தம்பதி தனி கார்டு கேட்டாலும் அதே கதைதான். இங்கே நீக்கிய பிறகுதான் அங்கே சேர்க்க முடியும்.

இறந்தவர் பெயரை எடுக்கத் தயங்குவதற்குக் காரணம் வேறு: அரிசி குறைந்துவிடுமோ என்ற பயம். பல வீடுகளில் அந்தப் பயமே வீண். கார்டில் என்.பி.எச்.எச் என்று போட்டிருந்தால், அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம் என்றால், மாதத்துக்கு அதிகபட்சம் 20 கிலோ அரிசிதான். ஆறு பெரியவர்கள் ஐந்து பேரானாலும் அதே 20 கிலோ. சர்க்கரையும் ஆளுக்கு அரைக் கிலோ வீதம் ஏறி, இரண்டு கிலோவில் நின்றுவிடும். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டுக்கு எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோ. பி.எச்.எச், அதாவது முன்னுரிமைக் குடும்பம் என்ற கார்டில்தான் ஆளுக்கு 5 கிலோ என்ற கணக்கு வருகிறது. அங்கே ஒரு பெயர் போனால் அளவு குறையலாம். குறைந்தாலும் நீக்கத்தான் வேண்டும், அது வேறு விஷயம். பி.எச்.எச், அந்தியோதயா கார்டுக்காரர்கள் இன்னொன்றையும் தள்ளிப்போடக் கூடாது. குடும்பத்தில் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துத் தங்கள் விவரத்தை உறுதி செய்ய வேண்டும். தலைவர் ஒருவர் வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது செல்போன் எண். சிம்மை மாற்றினால் பேங்கில் சொல்கிறோம், கேஸ் ஏஜென்சியில் சொல்கிறோம், ரேஷன் கார்டை மட்டும் மறந்துவிடுகிறோம். என்ன பொருள், எத்தனை கிலோ, எவ்வளவு ரூபாய் என்று வரும் மெசேஜ்தான் நமக்கு ரசீது. அது யாரோ ஒருவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால், நம் கணக்கில் என்ன எழுதப்படுகிறது என்பதே நமக்குத் தெரியாது.

சரி, எண் சரியாக இருக்கிறது. "பருப்பு இன்னும் வரலைங்க. ரேகைய வெச்சுட்டுப் போங்க, அடுத்த வாரம் தர்றேன்" என்கிறார் கடைக்காரர். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பருப்புக்கு ரேகை வைக்காதீர்கள். பில் விழுந்துவிட்டால், இயந்திரத்தைப் பொறுத்தவரை 30 ரூபாய்ப் பருப்பு உங்கள் பையில் இருக்கிறது. அடுத்த வாரம் சரக்கு வராவிட்டால் கேட்க ஆதாரம் கிடையாது. இருப்பதை மட்டும் இன்று பில் போட்டு வாங்கிக்கொண்டு, மீதியை அதே மாதத்தில் இன்னொரு நாள் வாங்கலாம். கடைப்படி இறங்கும் முன் மெசேஜை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாங்காத பொருள் அதில் இருந்தால் அங்கேயே கேளுங்கள். சரிப்படவில்லை என்றால் 1967 எண்ணில் புகார் செய்யலாம். டீத்தூள், உப்பு, சோப்பு வாங்கினால்தான் அரிசி என்பதும் புகாருக்குரியதே. அவை விருப்பம் இருந்தால் வாங்க வேண்டியவை.

கடை ஊழியர்கள் பக்கம் நடக்கும் தப்புகளில் பெரியது, லாரியிலிருந்து இறங்கும் மூட்டைகளை எடை போடாமல் கையெழுத்துப் போடுவது. 50 கிலோ என்று வரவு வைத்த மூட்டையில் இரண்டு கிலோ குறைந்தால், அந்தக் குறை கடைசியில் யார் பையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவசரம், ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்மைதான். இருந்தாலும் நாலு மூட்டையையாவது தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, குறையை எழுத்தில் பதிந்தால்தான் கிடங்கிடம் கேட்க முடியும்.

காய்த்துப்போன கைகளுக்கு ரேகை விழாது. கட்டட வேலைக்காரர்களும் வயதானவர்களும் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். போகக் கூடாது, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி, கருவிழிப் பதிவு என்று மாற்று வழி உண்டா என்று கேளுங்கள். நடக்க முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமிக்க எழுதிக் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

பெயர், முகவரி, செல்போன் எண் திருத்தங்களை ஆன்லைனில் செய்யத் தெரியாதவர்கள், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போகலாம். குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரையும் கொண்டுபோங்கள். இறந்தவர் பெயரை நீக்க இறப்புச் சான்றிதழும் வேண்டும்.