பல் தேய்மானம்: முதலில் மதிப்பெண், பிறகு காரணம்

தேய்ந்த பல்லைக் கண்டதுமே "ராத்திரி பல்லைக் கடிப்பீர்களா?" என்று நோயாளியைக் கேட்டுவிடுகிறார்கள் எங்கள் பயிற்சி மருத்துவர்கள். கேட்டபின் கண் அந்த ஒன்றுக்கான தடயத்தை மட்டும்தான் தேடும். ஆகவே என் பிரிவில் ஒரு கட்டுப்பாடு: தேய்மானத்தின் அளவு தாளில் ஏறும்வரை காரணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதலில் பல்லைத் துடைத்து, பஞ்சு வைத்து, காற்றடித்து உலர்த்துங்கள். எச்சில் படிந்த எனாமல் (பல்லின் கடினமான வெளிப்பூச்சு) எப்போதும் பளபளக்கும். ஆரம்ப இழப்பை அந்தப் பளபளப்பு மறைத்துவிடும். விளக்கையும் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.

புறநோயாளிகள் வரிசை நீளும்போது, பார்ட்லெட், கான்ஸ், லுஸ்ஸி மூவரும் 2008-இல் வெளியிட்ட பி.இ.டபிள்யூ.இ. (Basic Erosive Wear Examination) முறை போதும். அமில அரிப்புக்காக உருவானது அது. ஞானப்பற்களை விட்டுவிட்டு வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான பரப்புக்கு மட்டும் மதிப்பெண் தர வேண்டும். இழப்பே இல்லையென்றால் 0. மேற்பரப்பின் நுண்வரிகள் மட்டும் மழுங்கியிருந்தால் 1. தெளிவான இழப்பு, ஆனால் பரப்பில் பாதிக்கும் குறைவு என்றால் 2. பாதியோ அதற்கு மேலோ என்றால் 3. கூட்டுத்தொகை 2 வரை கவலையில்லை. 3 முதல் 8 வரை குறைந்த அபாயம், 9 முதல் 13 வரை நடுத்தரம், 14 முதல் அதிகம். கூட்டுத்தொகையை மட்டும் எழுதி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆறு பகுதியிலும் 1 என்றாலும் 6, இரண்டே பகுதியில் 3 என்றாலும் 6. இரண்டும் ஒரே வாய் அல்ல. ஆறு எண்களையும் எழுதுங்கள்.

நேரம் இருந்தால் ஸ்மித், நைட் இருவரின் 1984-ஆம் ஆண்டு அட்டவணை. ஒவ்வொரு பல்லின் நான்கு பரப்புகளுக்கும் 0 முதல் 4 வரை. கடிபரப்பில் டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள மஞ்சள் அடுக்கு) மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகத் தெரிந்தால் 2, அதற்கு மேல் 3, எனாமல் முழுவதும் போயிருந்தாலோ பற்கூழ் (பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பகுதி) வெளிப்பட்டாலோ 4. தகராறு இங்கேதான் வரும். மெலிந்த எனாமல் வழியாகவும் டென்டினின் மஞ்சள் தெரியும். ஐயம் எழுந்தால் இன்னொருவர் தனியாகப் பார்த்து மதிப்பெண் போடட்டும். ஈறோரக் குழிக்கு இந்தத் தொல்லை இல்லை. மி.மீ. கோடுகள் போட்ட மெல்லிய வில்லியம்ஸ் அளவுக்கோலை வைத்து ஆழம் பார்க்கலாம். 1 மி.மீ.க்குக் குறைந்தால் 2, 1 முதல் 2 மி.மீ. என்றால் 3, அதற்கு மேல் 4.

இனி காரணத்துக்கு வரலாம். மேல், கீழ்ப் பற்களில் ஒன்றோடொன்று பொருந்தும் தட்டையான பளபளப்பான முகங்கள் பல் கடிப்பதைக் காட்டும். கிண்ணம் போன்ற குழிகள், சுற்றியுள்ள பல்லைவிட உயர்ந்து நிற்கும் பல் அடைப்பு (ஃபில்லிங்), இவை அமிலத்தின் வேலை. மேல் முன்பற்களின் உட்புறம் கரைந்திருந்தால் நெஞ்செரிச்சல், அடிக்கடி வாந்தி பற்றி மெதுவாக விசாரியுங்கள். ஈறோரத்தில் ஆப்பு வடிவக் குழி இருந்தால் பிரஷ் பிடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்; செங்கற்பொடி, கரி வைத்துத் தேய்க்கும் பெரியவர்கள் இன்னும் வருகிறார்கள். பெரும்பாலான வாய்களில் இரண்டு மூன்று காரணங்கள் கலந்தே இருக்கும், எல்லாவற்றையும் குறியுங்கள்.

கடைவாய்ப்பல் எனாமல் இயல்பாகவே ஆண்டுக்குச் சுமார் 29 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேயும் என்று ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. அடுத்த மாதம் வரச்சொல்லி வெறுங்கண்ணால் ஒப்பிடுவது வீண். அச்செடுத்து, கற்சாந்தில் (பல் வார்ப்புக்கான கடினமான ஜிப்சம்) வார்ப்பு ஊற்றி, ஓராண்டு கழித்து மீண்டும் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். வாய் ஸ்கேனர் இருந்தால் இரு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். வார்ப்பின் அடியில் தேதியை ஈரம் காயுமுன் பொறித்துவிடுங்கள். பென்சில் எழுத்து அலமாரியில் ஓராண்டு தாங்காது.