ஏமன் வீட்டு விருந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏமன் உணவை அந்நாட்டவர் வீட்டிலேயே உண்ணும் வாய்ப்பு தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இன்று கெய்ரோ, ஜித்தா, கோலாலம்பூர் போன்ற நகரங்களில்தான் அமையக்கூடும். போர்ச் சூழல் காரணமாகத் தன் குடிமக்கள் ஏமன் செல்வதற்கு இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் தடை விதித்தது. ஊர் மாறினாலும் விருந்தோம்பும் முறையை ஏமனியர் எளிதில் விட்டுவிடுவதில்லை என்பதால், உணவோடு அந்த முறையையும் சிறிது அறிந்துகொண்டு செல்வது நல்லது.

முதல் தவறு அழைப்பை ஏற்கும்போதே நேர்கிறது. ஏமன் உணவென்றாலே மந்திதான் என்று உணவகங்கள் பழக்கியிருப்பதால், 'மந்தி உண்டா?' என்று பலர் கேட்டுவிடுகின்றனர். இறைச்சியும் சோறும் சேர்ந்த அது, ஏமனின் கிழக்கிலுள்ள ஹத்ரமவுத் பகுதியின் சிறப்புணவு. குழியடுப்பில் மூடிவைத்து நெடுநேரம் வேகவிட வேண்டியது. போரால் ஊரையும் தொழிலையும் இழந்து வந்த குடும்பம்கூட, விருந்தினர் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்ல மனம் வராமல், தன் சக்திக்கு மீறிச் செலவு செய்ய முற்படலாம். எதை உண்ண இயலாது என்பதை மட்டும் சொன்னால் போதும். மரக்கறி உண்பவர்கள் அதை அழைப்பின்போதே தெரிவிக்க வேண்டும்; ஏமன் தலைநகர் சனாவின் மதிய உணவில் நடுநாயகமான சல்தா என்னும் குழம்பு இறைச்சிச் சாற்றில் கொதிப்பது என்பதால், அதிலிருந்து இறைச்சித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு உண்பதால் பயனில்லை.

தமிழர்களுக்கு மிகவும் தயக்கம் தருவது பொதுத்தட்டுதான். தரையில் விரித்த விரிப்பைச் சுற்றி அமர்ந்து, எல்லோரும் ஒரே பாத்திரத்தில் ரொட்டியைத் தொட்டு உண்பதைக் கண்டதும், எச்சில் என்னும் எண்ணம் எழுந்து, தனித்தட்டு கேட்கத் தோன்றும். கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் கூடி உண்ண அழைத்தவருக்கு அது விலகல்போலத் தோன்றக்கூடும். உண்மையில் அங்கும் தூய்மைக்கு ஒழுங்கு உண்டு. உண்ணும் முன்பும் பின்பும் கைகழுவ வேண்டும். வலக்கையால் மட்டுமே எடுக்க வேண்டும். தனக்கு நேரே உள்ள பகுதியைத் தாண்டிக் கை நீட்டக்கூடாது. கடித்த ரொட்டியை மீண்டும் தோய்க்காமல், ஒரு வாய்க்குரிய துண்டாகப் பிய்த்துக்கொள்ள வேண்டும். நடுவிலுள்ள நல்ல இறைச்சியை நாமே எட்டி எடுப்பது பிழை. அதை விருந்தளிப்பவரே பிரித்து விருந்தினர் பக்கம் தள்ளிவைப்பார். அப்படி வைத்ததைத் திருப்பித் தள்ளுவதைவிடச் சிறிதளவேனும் உண்பதே மரியாதை.

சல்தா நம் கல்சட்டியைப் போன்ற கற்பாத்திரத்தில், அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் கொதித்துக்கொண்டே வரும். அவசரப்பட்டால் விரலும் நாக்கும் வெந்துவிடும். மேலே மிதக்கும் வெண்ணிற நுரை ஹுல்பா. வெந்தயப் பொடியை ஊறவைத்து, மேல்நீரை வடித்து, நுரைக்க அடித்துச் செய்வது. கசக்கும் என்றஞ்சி அதை ஒதுக்குபவர்கள் சல்தாவின் உயிரையே ஒதுக்குகிறார்கள்; ஊறும்போதே கசப்பில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

உணவுகள் வரும் வரிசையும் நம்மை ஏமாற்றக்கூடும். லஹூஹ் என்னும் துளைகள் நிறைந்த மெல்லிய ரொட்டியைத் தயிரிலும் பச்சிலைகளிலும் ஊறவைத்த ஷஃபூத் முதலில் வரும். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அதிலேயே வயிற்றை நிரப்பிவிடக்கூடாது. அடுக்கடுக்கான மாவின்மேல் நெய்யும் தேனும் ஊற்றிய பின்த் அஸ்-சஹ்ன், இனிப்பாக இருந்தாலும் கடைசிவரை காத்திருக்காமல் காரமான உணவுகளுக்கு முன்போ இடையிலோ வந்துவிடும். சூடாக இருக்கும்போதே அதை உண்டுவிட வேண்டும்.

உண்ணும்போது நீண்ட உரையாடலை எதிர்பார்க்க வேண்டாம். வயிறு நிறைந்தவர் மற்றவர்களுக்காகக் காத்திராமல் எழுந்து கைகழுவச் செல்வது அங்கே அவமதிப்பன்று. பேச்செல்லாம் அதன்பின் தேநீரோடோ, காப்பிக் கொட்டையின் தோலை இஞ்சியுடன் கொதிக்கவைத்த கிஷ்ரோடோ தொடங்கும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமரும் வீடுகளில், சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று சமையலறைப் பக்கம் செல்வதும் படமெடுப்பதும் கூடாது; பாராட்டை விருந்தளிப்பவர் வழியாகச் சொல்லியனுப்பலாம், உடன்வந்த பெண்கள் நேரில் சொல்லலாம். விடைபெறும்போது பணம் நீட்டுவது கடுமையாகப் புண்படுத்தும். விருந்துக்குப் போகும்போதே பழமோ இனிப்போ வாங்கிச் சென்றால் மகிழ்ச்சியுடன் ஏற்பார்கள்.