பழைய மோட்டார் சைக்கிளுக்கு ரயர் மாற்றும்போது

ரயரில் பள்ளம் ஆழமாகக் கிடக்கிறது என்று நம்பி ஓடாதீர்கள். முற்றத்து வெயிலில் நின்ற வண்டியின் ரயர் தேய முன்னமே இறுகிவிடும். பள்ளத்தின் அடியிலும் ரிம்மோடு சேரும் இடத்திலும் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் ஐப்பசி மழைக்கு முன்னம் மாற்றிவிடுங்கள். ஈர ரோட்டில் அது பிடிக்காது.

கடையில் விலை பேச முன், ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. வருடக்கணக்காகக் கடையில் தொங்கியதை மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

பஜாஜ் சிடி 100க்கு முன்னுக்கு 2.75-17, பின்னுக்கு 3.00-17. பழைய ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டருக்கு இரண்டுமே 2.75-18. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கொழுத்த ரயர் பார்க்க வடிவுதான். ஆனால் ஒடுங்கிய ரிம் அதை இரு பக்கமும் நெரிக்க, ரோட்டில் பதியும் இடம் குறையும், செயின் கவரிலும் உரசும். அளவுக்குப் பக்கத்தில் 42P என்று இருந்தால் 150 கிலோ தாங்கும். கம்பனி போட்டதிலும் குறைந்த எண்ணை வாங்கக் கூடாது.

கம்பிச் சில்லென்றால் ரியூப்பும் புதிதாகப் போடுங்கள். கம்பித் தலைகளை மூடும் ரப்பர் பட்டியையும் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றுப் பட்டு ரிம்மின் உள்பக்கம் கறள் பிடித்திருக்கும். அதை அரத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் புது ரியூப்பும் அரிபடும். ரயரை ஏற்றச் சவர்க்காரத் தண்ணீர் போதும். மண்ணெண்ணெயும் பழைய ஒயிலும் ரப்பரைக் கெடுக்கும். ரயரில் உள்ள அம்புக்குறி சில்லு சுழலும் திசைக்கு இருக்க வேண்டும். ஒருதரம் காற்றடித்து, முழுக்க இறக்கி, திரும்ப அடித்தால் ரியூப்பின் மடிப்பு விரியும்.

சிடி 100க்குக் காற்று முன் 25, பின் 28 பிஎஸ்ஐ. பின்னால் ஆள் ஏறினால் 32. காலையில், ஓட முன் அளக்க வேண்டும். வால்வு ஒரு பக்கம் சரிந்து நின்றால், காற்றுக் குறைந்து ரயர் ரிம்மில் நகர்ந்து ரியூப்பையும் இழுக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வால்வின் அடியில் கிழியும்.

சில்லைக் கழற்றிய கையோடு பிரேக் சூவையும் பாருங்கள். சூவில் ஒட்டியிருக்கும் லைனிங்கின் தடிப்பு 2 மில்லிமீற்றர் என்றால் மாற்றும் காலம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், மூச்சோடு போனால் கூடாது. கம்பிகளை ஸ்பானரால் தட்டினால் இளகியது மந்தமாகக் கேட்கும்.

செயின் கவரைக் கழற்றி எறிவது இங்கே பலரின் பழக்கம். கவர் இல்லாமல் மணல் ஒழுங்கையில் ஓடினால் மணல் கிறீசில் ஒட்டி செயினையும் பல்லுச்சில்லையும் அரைத்துவிடும். துடைத்துவிட்டு 90 கியர் ஒயில் மெல்லியதாகப் பூசுங்கள். இணைப்புக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசைக்கு வரவேண்டும். செயினின் தொய்வை, சில்லைச் சுழற்றிப் பார்த்து மிக இறுக்கமான இடத்தில் அளந்து 25 மில்லிமீற்றர் அளவில் விடுங்கள்.

செயினை இறுக்கச் சில்லைப் பின்னுக்கு இழுத்தால் பின் பிரேக்கும் இறுகிவிடும். அச்சு நட்டைப் பூட்டியதும் பிரேக் கம்பி நட்டை இளக்கி, சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும்.